லீன் அலாரம்: கார் எஞ்சின் கலவைக்கு ஓர் எச்சரிக்கை மணி – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்த அலாரம் என்ன செய்யும்?

எஞ்சின் முழு பாரத்தில் இழுக்கும் நேரத்தில் பெட்ரோல் குறைந்து காற்று மிஞ்சினால் பஸ்ஸர் அலறும், சிவப்பு எல்இடி எரியும். கலவையைத் திருத்தாது, எஞ்சினை அணைக்காது. 'ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடு' என்று சொல்வதோடு அதன் வேலை முடிந்தது.

லீன் என்றால் பெட்ரோல் மிச்சம்தானே? அதில் என்ன ஆபத்து?

1 கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். அந்தச் சரியான விகிதத்துக்கு லாம்டா 1 என்று பெயர். எண் அதைவிடக் கூடினால் லீன், குறைந்தால் ரிச். பைபாஸில் 60 கிலோமீட்டர் வேகத்தில் சும்மா உருளும்போது லாம்டா 1.05 ஆனால் எஞ்சினுக்கு ஒன்றும் ஆகிவிடாது. இழுவை கொஞ்சம் மந்தமாகும், அவ்வளவே.

முழு மிதியில்தான் கதை மாறும். அப்போது இசியு (எஞ்சினை நடத்தும் கணினி) வேண்டுமென்றே பெட்ரோலைக் கூட்டித் தரும். டர்போ இல்லாத எஞ்சினில் லாம்டா 0.86 முதல் 0.90 வரையிலும், பூஸ்ட் (டர்போ உள்ளே தள்ளும் காற்றழுத்தம்) ஏற்றி டியூன் செய்த டர்போவில் 0.78 முதல் 0.82 வரையிலும் வைப்பது வழக்கம். அந்த உபரிப் பெட்ரோல் ஆவியாகும்போது சிலிண்டருக்குள் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். அது வராமல் போனால், பிளக் மூட்டிய தீ போய்ச் சேருவதற்கு முன்பே மூலையில் இருக்கும் கலவை தானாக வெடிக்கும். அதுதான் நாக்கிங். விடாமல் அடித்தால் பிஸ்டனில் ரிங்குகளுக்கு இடையே இருக்கும் மெல்லிய விளிம்பு உடையும், இல்லையென்றால் பிஸ்டன் தலையிலேயே ஓட்டை விழும். 6000 ஆர்பிஎம்மில் ஒவ்வொரு சிலிண்டரும் விநாடிக்கு 50 முறை வெடிக்கிறது. பூஸ்டில் இருக்கும் எஞ்சினுக்குச் சில விநாடி லீன் போதும், கணக்கு முடிந்துவிடும்.

செக் எஞ்சின் விளக்கு இருக்கிறதே, தனியாக ஏன் ஒன்று?

சாதாரண ஓட்டத்தில் இசியு ஆக்ஸிஜன் சென்சாரைப் பார்த்துப் பார்த்து பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும். ரிச்சா லீனா என்று மட்டும் சொல்லும் நேரோபேண்ட் சென்சார் உள்ள கார்களில், முழு மிதி வந்ததும் இசியு சென்சாரைக் கண்டுகொள்ளாது. மனப்பாடமாக வைத்திருக்கும் அட்டவணைப்படி இன்ஜெக்டரைத் திறந்து, பெட்ரோல் வந்துவிட்டது என்று நம்பிக்கொள்ளும். பம்ப் தளர்ந்தாலும் ஃபில்டர் அடைத்தாலும் அந்த விநாடியில் அதற்குத் தெரியாது. பி0171 என்ற லீன் கோடு வரும்தான், ஆனால் அது சாதாரண ஓட்டத்தில் சேர்ந்த திருத்தக் கணக்கை வைத்து மெதுவாக வருவது. முழு மிதியில் நடப்பதை அது பிடிக்காது. எது மிக ஆபத்தான நேரமோ அந்த நேரத்தில் காவலுக்கு ஆள் இல்லை.

விதிவிலக்கும் உண்டு. இப்போது வரும் சில டைரக்ட் இன்ஜெக்ஷன் டர்போக்கள், எவ்வளவு ரிச், எவ்வளவு லீன் என்று அளந்து சொல்லும் வைட்பேண்ட் சென்சாரோடு முழு பாரத்திலும் லாம்டா 1-ஐ ஒட்டியே ஓடும்படி வடிவமைக்கப்பட்டவை. அவற்றில் இதை மாட்டினால் சும்மா அலறிக்கொண்டே இருக்கும். வேண்டாம்.

நேரோபேண்டா, வைட்பேண்டா? எந்த சென்சாரை நம்புவது?

காரோடு வரும் நேரோபேண்ட் சென்சார் 0.1 முதல் 0.9 வோல்ட் வரை தரும். லீன் என்றால் 0.1 பக்கம், ரிச் என்றால் 0.9 பக்கம், லாம்டா 1-இல் சுமார் 0.45. லாம்டா 1-ஐத் தாண்டும் இடத்தில் மட்டும் செங்குத்தாக விழும், இரண்டு பக்கமும் கிட்டத்தட்டத் தட்டை. அதனால் 0.85 வோல்ட் காட்டினால் 'ரிச்' என்று சொல்லலாமே தவிர 'எவ்வளவு ரிச்' என்று சொல்ல முடியாது. போதாக்குறைக்கு, சென்சார் சூடேற ஏற ரிச் பக்கத்து வோல்ட் இறங்கும். 0.80-இல் அலாரம் வைத்துவிட்டு மலை ஏறினால் கலவை சரியாக இருந்தும் அலறுவது இதனால்தான்.

டர்போ இல்லாத, பெரிதாகக் கைவைக்காத எஞ்சினுக்கு நேரோபேண்ட் போதும். லாம்டா 0.88-இல் இருக்க வேண்டியது 1-க்கு வந்துவிட்டால் பிடித்துவிடும். டர்போவுக்கு அது போதாது. 0.80-இல் இருக்க வேண்டியது 0.92-க்கு வந்தாலே ஆபத்து. நேரோபேண்டோ அப்போதும் 'ரிச், ரிச்' என்று நிம்மதியாகச் சொல்லிக்கொண்டிருக்கும். டர்போவை டியூன் செய்யப் பணம் செலவழித்தவர் வைட்பேண்டில் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது.

என் காரில் இருப்பது நேரோபேண்டா என்று எப்படிப் பார்ப்பது?

எஞ்சினை 10 நிமிடம் ஓட்டிச் சூடாக்குங்கள். கேட்டலிஸ்டுக்கு (புகையைச் சுத்திகரிக்கும் பாகம்) முன்னால் இருக்கும் சென்சாரின் சிக்னல் வயரை டிஜிட்டல் மல்டிமீட்டரில் பாருங்கள். ஐடிலில் 0.1-க்கும் 0.9-க்கும் நடுவே விடாமல் ஊஞ்சலாடினால் நேரோபேண்ட்.

நான்கு வயர் சென்சாரில் இரண்டு ஹீட்டருக்கு, ஒன்று சிக்னல், ஒன்று சிக்னல் கிரவுண்ட். பாஷ் நிறத்தில் இரண்டு வெள்ளை ஹீட்டர், கறுப்பு சிக்னல், சாம்பல் கிரவுண்ட். டென்ஸோவில் இரண்டு கறுப்பு ஹீட்டர், நீலம் சிக்னல், வெள்ளை கிரவுண்ட். கறுப்பு என்றால் ஒன்றில் சிக்னல், மற்றதில் ஹீட்டர் என்பதால் நிறத்தை மட்டும் நம்பி வெட்டாதீர்கள், மீட்டரில் உறுதி செய்யுங்கள்.

ஒரு வயரில் 3.3, இன்னொன்றில் 3.0 வோல்ட் அசையாமல் நின்றால் அது டொயோட்டா பாணி ஏர்-ஃப்யூல் சென்சார். அதில் கை வைக்கக் கூடாது. சிக்னல் கிரவுண்டுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே 0.1 வோல்ட்டுக்கு மேல் இருந்தாலும் இந்தச் சர்க்யூட் பொருந்தாது. சில கார்களில் அந்தக் கிரவுண்டையே 2.5 வோல்ட்டில் தூக்கி வைத்திருப்பார்கள். இந்த இரண்டு வகைக்கும் தனி வைட்பேண்ட் ஒன்றுதான் வழி.

என்னென்ன வாங்க வேண்டும்?

எல்லாமே ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரியான எலெக்ட்ரானிக்ஸ் கடைத் தெருவில் ஒரே கடையில் கிடைக்கும்.

- எல்எம்393 கம்பேரேட்டர் (இரண்டு வோல்ட்டை ஒப்பிடும் ஐசி) 1, அதற்கு 8 கால் ஐசி சாக்கெட் 1
- 7805 ரெகுலேட்டர் 1
- 2என்7000 மாஸ்ஃபெட் 1
- 1என்4007 டயோடு 1, 1என்4148 டயோடு 1, 1.5கேஇ24ஏ டிவிஎஸ் டயோடு 1
- 10 கிலோ ஓம் மல்டிடர்ன் பிரிசெட் (திருகித் திருத்தும் ரெசிஸ்டர்) 2
- ரெசிஸ்டர்கள்: 10 ஓம் அரை வாட் 1, கால் வாட்டில் 1 கிலோ 2, 10 கிலோ 2, 33 கிலோ 1, 100 கிலோ 4, 1 மெகா 1, 2.2 மெகா 1
- கெப்பாசிட்டர்கள்: 0.1 மைக்ரோஃபாரட் 4, 0.33 மைக்ரோஃபாரட் 1, 2.2 மைக்ரோஃபாரட் 1, 100 மைக்ரோஃபாரட் 50 வோல்ட் 1
- 12 வோல்ட் ஆக்டிவ் பீஸோ பஸ்ஸர், 5 மில்லிமீட்டர் சிவப்பு எல்இடி, 1 ஆம்பியர் ஃப்யூஸ், டாட் போர்டு, பிளாஸ்டிக் டப்பா

பஸ்ஸர் வாங்கும்போது 12 வோல்ட் கொடுத்துப் பார்த்து வாங்குங்கள். தொடர்ந்து கீச்சிட்டால் ஆக்டிவ். 'டிக்' என்று ஒரு சத்தம் மட்டும் வந்தால் பேஸிவ், நமக்கு ஆகாது. எல்எம்393 இல்லை என்று கடைக்காரர் எல்எம்358-ஐ நீட்டினால் வாங்காதீர்கள். கால் அமைப்பு ஒன்றுதான், ஆனால் அதன் இரண்டு அவுட்புட்டையும் சேர்த்துக் கட்ட முடியாது. இந்தச் சர்க்யூட்டின் உயிரே அந்தச் சேர்ப்பில்தான் இருக்கிறது.

சர்க்யூட்டை எப்படிக் கட்டுவது?

முதலில் பவர். இக்னிஷன் போட்டால் மட்டும் வரும் 12 வோல்ட்டை 1 ஆம்பியர் ஃப்யூஸ் வழியாக எடுங்கள். பஸ்ஸருக்கும் எல்இடிக்கும் அங்கிருந்தே ஒரு கிளை. இன்னொரு கிளை 10 ஓம், அடுத்து 1என்4007, அடுத்து 7805. டயோடுக்கும் 7805-க்கும் நடுவே இருக்கும் புள்ளியிலிருந்து கிரவுண்டுக்கு டிவிஎஸ், 100 மைக்ரோஃபாரட், 0.33 மைக்ரோஃபாரட் மூன்றும். டிவிஎஸ்ஸின் கோடு போட்ட பக்கம் பாசிட்டிவுக்கு. 7805 தாங்குவது 35 வோல்ட். ஓடும் காரில் பேட்டரி டெர்மினல் தளர்ந்தால் ஆல்டர்னேட்டர் அதைவிட அதிகமாகத் துப்பும். டிவிஎஸ் அதை 33 வோல்ட் அளவில் மடக்கிவிடும். அவுட்புட் பக்கம் 0.1 மைக்ரோஃபாரட் ஒன்று, எல்எம்393-இன் 8ஆம் காலுக்கும் 4ஆம் காலுக்கும் இடையே ஒட்டினாற்போல் இன்னொன்று. 8 என்பது 5 வோல்ட், 4 என்பது கிரவுண்ட்.

அடுத்து லீன் பக்கம். சென்சார் வயர் 100 கிலோ வழியாக 2ஆம் காலுக்கு. அந்தக் காலிலிருந்து கிரவுண்டுக்கு 0.1 மைக்ரோஃபாரட். டப்பாவுக்குள் வயர் நுழையும் இடத்திலேயே கிரவுண்டுக்கு 2.2 மெகா. 5 வோல்ட்டிலிருந்து 33 கிலோ, அதன் கீழ் பிரிசெட், அதன் கீழ் கிரவுண்ட். பிரிசெட்டின் நடுக்கால் 3ஆம் காலுக்கு. இதில் 0 முதல் 1.16 வோல்ட் வரை வைக்கலாம்.

பார பக்கம். த்ராட்டில் சென்சாரின் (காற்று வழி எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்வது) சிக்னல் 100 கிலோ வழியாக 5ஆம் காலுக்கு, அங்கிருந்து கிரவுண்டுக்கு இன்னொரு 100 கிலோவும் 0.1 மைக்ரோஃபாரட்டும். வருகிற வோல்ட் பாதியாகும். 5 வோல்ட்டில் ஓடும் எல்எம்393 3 வோல்ட்டுக்கு மேல் வரும் இன்புட்டை ஒழுங்காக ஒப்பிடாது என்பதால் இந்தப் பாதியாக்கல். 5 வோல்ட்டிலிருந்து 10 கிலோ, இரண்டாவது பிரிசெட், கிரவுண்ட். நடுக்கால் 6-க்கு.

இப்போது முடிச்சு. 1ஆம் காலையும் 7ஆம் காலையும் சேர்த்துக் கட்டி, 10 கிலோவால் 5 வோல்ட்டுக்கு இழுத்துவிடுங்கள். எல்எம்393-இன் அவுட்புட் கீழே இழுக்கத்தான் செய்யும், மேலே தள்ளாது. லீன் ஆனால் முதல் பாதி கையை விடும், பாரம் ஏறினால் இரண்டாம் பாதி கையை விடும். இருவரும் விட்டால்தான் முடிச்சு 5 வோல்ட்டுக்கு எழும். முடிச்சிலிருந்து 3ஆம் காலுக்கு 1 மெகா. இது வரம்பில் சுமார் 20 மில்லிவோல்ட் இடைவெளி தருவதால் பஸ்ஸர் விட்டுவிட்டுத் திக்காது.

முடிச்சிலிருந்து 100 கிலோ வழியாக மாஸ்ஃபெட்டின் கேட்டுக்குப் போய், கேட்டிலிருந்து கிரவுண்டுக்கு 2.2 மைக்ரோஃபாரட். அந்த 100 கிலோவுக்கு இணையாக 1 கிலோவும் 1என்4148-உம் தொடராக, டயோடின் கோடு முடிச்சைப் பார்த்து. லீன் நிலை சுமார் 0.1 முதல் 0.2 விநாடி விடாமல் நின்றால்தான் அலாரம் வரும், போனதும் உடனே அடங்கும். மாஸ்ஃபெட்டின் சோர்ஸ் கிரவுண்டுக்கு. டிரெயினுக்கும் 12 வோல்ட்டுக்கும் இடையே பஸ்ஸர், அதற்கு இணையாக 1 கிலோ ரெசிஸ்டரோடு எல்இடி.

2என்7000-இன் தட்டை முகம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால் இடமிருந்து சோர்ஸ், கேட், டிரெயின். அதற்குப் பதில் பிஎஸ்170 கிடைத்தால் வரிசை நேர் எதிர். இந்த ஒரு தலைகீழ் மாற்றத்தால் 'சாவி போட்டதிலிருந்து அலறல் நிற்கவில்லை' என்று புலம்பல் வரும்.



பாரத்தைப் பார்க்காமல் சென்சாரை மட்டும் பார்த்தால் போதாதா?

போதாது. ஐடிலிலும் சாதாரண ஓட்டத்திலும் நேரோபேண்ட் விநாடிக்கு விநாடி லீன், ரிச் என்று தாவுவதே ஆரோக்கியமான அடையாளம். இறக்கத்தில் காலை எடுத்தால் இசியு பெட்ரோலை முழுக்க நிறுத்தும், சென்சார் 0 வோல்ட்டை ஒட்டிப் படுத்துவிடும். இதற்கெல்லாம் அலறினால் இரண்டாம் நாளே பஸ்ஸர் வயரைப் பிடுங்கிவிடுவீர்கள்.

கேபிள் த்ராட்டில் உள்ள கார்களில் த்ராட்டில் சென்சார் மூடியபோது சுமார் 0.5, முழுக்கத் திறந்தால் சுமார் 4.5 வோல்ட் தரும். 3 வோல்ட்டில் பாரம் என்று எடுத்துக்கொள்வது நல்ல தொடக்கம், அதாவது 6ஆம் காலில் 1.5. எலெக்ட்ரானிக் த்ராட்டில் என்றால் பெடல் வயரையும் த்ராட்டில் பாடி வயரையும் தொடாதீர்கள். மேனிஃபோல்டின் காற்றழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரின் சிக்னலை எடுங்கள். டர்போ இல்லாத காரில் அது ஐடிலில் 1 முதல் 1.5 வரை இருந்து முழு மிதியில் 4-ஐத் தாண்டும், அதே சர்க்யூட் அப்படியே போதும். டர்போவுக்கு இன்னும் எளிது: மேனிஃபோல்டு ஹோஸில் டி போட்டு 0.3 பார் அளவில் மூடும் பிரஷர் சுவிட்சைப் பஸ்ஸரின் 12 வோல்ட் வயரில் தொடராக வைத்துவிட்டு, 5ஆம் காலை 5 வோல்ட்டில் கட்டிவிடலாம்.

காரில் மாட்டுவதற்கு முன் மேசையில் எப்படிச் சோதிப்பது?

12 வோல்ட் அடாப்டர், ஒரு பென்டார்ச் செல், ஒரு 10 கிலோ பொட்டென்ஷியோமீட்டர். செல்லின் இரு முனையும் பொட்டின் இரு ஓரக்காலுக்கு, செல்லின் நெகட்டிவ் சர்க்யூட் கிரவுண்டுக்கு, நடுக்கால் சென்சார் வயருக்கு. இதுதான் உங்கள் போலி ஆக்ஸிஜன் சென்சார்.

3ஆம் காலில் 0.60, 6ஆம் காலில் 1.50 வோல்ட் வையுங்கள். த்ராட்டில் வயரை 5 வோல்ட்டில் தொடவிட்டு, பொட்டை 0.9-இலிருந்து மெல்லக் குறையுங்கள். 0.60-ஐத் தாண்டியதும் கண் இமைக்கும் நேரத்தில் அலற வேண்டும். த்ராட்டில் வயரை கிரவுண்டில் வைத்தால் உடனே அடங்க வேண்டும். கடைசியாக சென்சார் வயரைக் கழற்றி அந்தரத்தில் விட்டு, த்ராட்டிலை மறுபடி 5 வோல்ட்டுக்குக் கொடுங்கள். அலற வேண்டும். அலறாவிட்டால் 2.2 மெகா சரியாக ஒட்டவில்லை. அது இல்லாத சர்க்யூட்டில் எல்எம்393-இன் காலிலிருந்து கசியும் நுண்ணிய கரண்டே இன்புட்டை மேலே தூக்கி 'ரிச்' என்று காட்டும். வயர் அறுந்த அலாரம் மௌனமாக இருந்தால், அலாரமே இல்லாத காரைவிட அது மோசம்.

காரில் எங்கே தட்டுவது, கிரவுண்டை எங்கே கொடுப்பது?

சென்சாரின் சொந்த வயரில் சால்டர் வேண்டாம், காண்டாக்ட் கிளீனரும் அடிக்க வேண்டாம். பல சென்சார்கள் ஒப்பீட்டுக்கான வெளிக்காற்றை வயரின் இழைகளுக்கு நடுவிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. அதை அடைத்தால் சென்சார் பொய் சொல்லும். கனெக்டரைத் தாண்டி, இசியு பக்கத்து வயரில், முடிந்தால் டேஷ்போர்டுக்கு உள்ளேயே தட்டுங்கள். இன்சுலேஷனை 1 சென்டிமீட்டர் உரித்து, புது வயரைச் சுற்றிப் பற்றவைத்து ஹீட் ஷ்ரிங்க் போட்டால் ஆயுசுக்கும் நிற்கும். கிளிப் மாதிரி அழுத்தும் ஸ்காட்ச் லாக் இழைகளை வெட்டும். மழைக்காலம் ஒன்று போனால் பச்சை பூக்கும்.

கிரவுண்ட் விஷயத்தில் சோம்பல் கூடாது. 0.6 வோல்ட்டை அளக்கும் இடத்தில் 0.1 வோல்ட் வித்தியாசம் என்றால் அலாரம் வேறு ஊரில் வேலை செய்கிறது என்று பொருள். டப்பாவின் கிரவுண்டை இசியுவின் கிரவுண்ட் போல்ட்டில் கொடுங்கள். மாஸ்ஃபெட்டின் சோர்ஸை மட்டும் தனி வயரில் அதே போல்ட்டுக்குக் கொண்டுபோங்கள், பஸ்ஸர் கரண்ட் அளவைக் கெடுக்காது. ஹெட்லைட், ஏசி, ரேடியேட்டர் ஃபேன் எல்லாம் ஓடும்போது சென்சார் கிரவுண்டுக்கும் டப்பா கிரவுண்டுக்கும் இடையே 20 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. 50-ஐத் தாண்டினால் வேறு போல்ட் தேடுங்கள்.

பஸ்ஸரை டேஷ்போர்டு அடியில் புதைக்காதீர்கள். ஜன்னல் திறந்து 5000 ஆர்பிஎம்மில் போகும்போது கேட்க வேண்டிய சத்தம் அது. ஸ்டியரிங் தண்டின் மேல், டிரைவரைப் பார்த்து.

தினமும் வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தனியாக டெஸ்ட் பட்டன் வேண்டாம். எஞ்சின் போடாமல் சாவியை மட்டும் திருப்பி ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதியுங்கள். குளிர்ந்த சென்சார் வயரில் 0 அல்லது 0.45 வோல்ட்தான் இருக்கும், த்ராட்டில் சென்சார் முழுத் திறப்பைக் காட்டும், அலாரம் அலறும். மேப் சென்சார் வழியில் கட்டியிருந்தால் மிதிக்கக்கூட வேண்டாம். நின்ற எஞ்சினில் மேனிஃபோல்டு முழுக்க வெளிக்காற்றழுத்தம் இருப்பதால் சாவி போட்டதும் அலறி, ஸ்டார்ட் ஆனதும் அடங்கும். ஒருநாள் காலையில் அந்தச் சத்தம் வரவில்லையென்றால் அன்றைக்கே ஃப்யூஸிலிருந்து பார்த்துக்கொண்டு வாருங்கள். பிரஷர் சுவிட்ச் வழியில் கட்டியவர்கள் சுவிட்சின் இரு முனையையும் ஒரு நொடி இணைத்துத்தான் பார்க்க வேண்டும்.

வரம்பை எவ்வளவில் வைப்பது? இ20 பெட்ரோலுக்கு மாற்ற வேண்டுமா?

நேரோபேண்டுக்கு 0.60 வோல்ட். ஆசைப்பட்டு 0.65-க்கு மேல் போகாதீர்கள், காரணம் மேலே சொன்ன சூடு.

வைட்பேண்டில் டர்போ எஞ்சின் 0.80-இல் டியூன் செய்யப்பட்டிருந்தால் அலாரம் 0.86-இல். டர்போ இல்லாமல் 0.88-இல் ஓடுவது என்றால் 0.95-இல். முதலில் சரியாக ஓடும் நாளில் முழு மிதியில் என்ன காட்டுகிறது என்று குறித்துக்கொண்டு, அதற்கு மேல் 0.06 அல்லது 0.07 விடுவதே முறை.

20 சதவீதம் எத்தனால் கலந்த இ20-க்கு முழு எரிப்புக்கான விகிதம் 14.7 அல்ல, சுமார் 13.5. ஆனால் சென்சார் அறிவது லாம்டாவை மட்டுமே. 14.7 அளவுகோல் போட்ட வைட்பேண்ட் கேஜ், இ20 ஓடும்போதும் லாம்டா 1-க்கு 14.7 என்றே காட்டும். லாம்டா கணக்கில் யோசிப்பவர் எதையும் மாற்ற வேண்டியதில்லை. எஞ்சின் பக்கம்தான் வேலை இருக்கிறது: அதே காற்றுக்கு இ20 கூடுதலாக ஊற்றியாக வேண்டும், ஏற்கெனவே எல்லையில் ஓடும் பம்பும் இன்ஜெக்டரும் முதலில் மூச்சு வாங்குவது அங்கேதான்.

வைட்பேண்ட் கேஜோடு இணைக்க என்ன மாற்றம்?

கேஜின் 0–5 வோல்ட் அனலாக் அவுட்புட் லீன் ஆக ஆக ஏறும், நேரோபேண்டுக்கு நேர் எதிர். எனவே 2, 3 கால்களை மாற்றிக் கட்ட வேண்டும்: சிக்னல் 3-க்கு, பிரிசெட் 2-க்கு. 1 மெகா 3-இலேயே இருக்கட்டும். சிக்னல் வயரில் இருந்த 100 கிலோவை 10 கிலோவாகவும், அதன் 0.1 மைக்ரோஃபாரட்டை 1 மைக்ரோஃபாரட்டாகவும் மாற்றுங்கள். 100 கிலோவை அப்படியே விட்டால் அந்த 1 மெகாவோடு சேர்ந்து இடைவெளி அரை வோல்ட் ஆகிவிடும், ஒருமுறை அலறினால் அடங்கவே அடங்காது. பிரிசெட்டுக்கு மேல் உள்ள 33 கிலோவும் 10 கிலோ ஆக வேண்டும். 2.2 மெகாவை எடுத்துவிட்டு அந்த இடத்திலிருந்து 1 மெகா ஒன்றைக் கிரவுண்டுக்குப் பதில் 5 வோல்ட்டுக்குக் கட்டுங்கள், வயர் அறுந்தால் இந்த முறை மேலே போவதே லீன்.

காற்று-பெட்ரோல் விகிதத்தை 0 வோல்ட்டுக்கு 10, 5 வோல்ட்டுக்கு 20 என்று காட்டும் அளவுகோல் உள்ள கேஜில், லாம்டா 0.86-க்கு உரிய 12.6 என்றால் 1.30 வோல்ட். எல்லா கேஜும் இப்படி இல்லை, கையேட்டில் இருக்கும் இரண்டு முனைப் புள்ளிகளை வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சென்சாரை டர்போவுக்குப் பின்னால், கேட்டலிஸ்டுக்கு முன்னால் வையுங்கள். எம்18×1.5 மரை உள்ள பங்க்கை (சென்சாரைத் திருகும் வளையம்) வெல்டு செய்யும்போது, சென்சார் கிடைமட்டத்திலிருந்து குறைந்தது 10 டிகிரி மேல்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். கீழ்ப்பக்கம் வைத்தால் காலையில் சைலன்சருக்குள் தேங்கும் தண்ணீர் பட்டு உள்ளே இருக்கும் செராமிக் விரிசல் விடும். கேஜுக்குப் பவர் கொடுக்காமல் எஞ்சினை ஓட்டாதீர்கள். ஹீட்டர் எரியாத சென்சார் கரி பிடித்துச் செத்துவிடும்.

கியர் மாற்றும்போதெல்லாம் ஒரு கீச்சு வருகிறதே?

காலை எடுத்ததும் பெட்ரோல் நின்றது. திரும்ப மிதித்ததும் த்ராட்டில் உடனே திறந்துவிட்டது, ஆனால் பைப்பில் மிச்சமிருக்கும் வெறுங்காற்று இன்னும் சென்சாரைக் கடந்து போகவில்லை. கேட்டில் உள்ள 2.2 மைக்ரோஃபாரட்டை 4.7 ஆக்கினால் தாமதம் இரட்டிப்பாகி இது நின்றுவிடும். அதற்கும் மேலே போகாதீர்கள்.

கலவை சரியாக இருந்தும் அலறுவது எதனால்?

முதல் சந்தேகம் சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் கசிவு. மேனிஃபோல்டு கேஸ்கட்டில் மயிரிழை விரிசல் போதும், வெளிக்காற்று உள்ளே போய் சென்சாரை ஏமாற்றும். குளிர்ந்த எஞ்சினில் 'டிக் டிக்' என்று கேட்டுச் சூடானதும் மறைந்தால் அதுவே.

இரண்டாவது மிஸ்ஃபயர். ஒரு பிளக் எரியாவிட்டால் அந்தச் சிலிண்டரின் பெட்ரோலும் காற்றும் அப்படியே வெளியே வரும். சென்சாருக்கு ஆக்ஸிஜன்தான் தெரியும், கூடவே வந்த பெட்ரோல் தெரியாது. எனவே லீன் என்று கத்தும். இதைக் கேட்டுப் பெட்ரோலைக் கூட்டினால் நிலைமை மோசமாகும்.

குளிர்ந்த எஞ்சினை எடுத்த எடுப்பில் முழுக்க மிதித்தாலும் அலறும், சென்சார் 300 டிகிரியைத் தாண்டினால்தான் பேசும். அது அலாரத்தின் குற்றம் இல்லை.

நிஜமாகவே அலறினால்?

காலை எடுங்கள். கிளட்சோ பிரேக்கோ வேண்டாம், ஆக்ஸிலரேட்டர் மட்டும். பாரம் போனால் ஆபத்தும் போயிற்று, நிதானமாக ஓட்டி வீட்டுக்கு வரலாம்.

பிறகு பெட்ரோல் பிரஷர். ஃப்யூயல் ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் குழாய்) கேஜ் மாட்டி, அது ஓட்டத்திலும் கண்ணில் படும்படி டேப் போட்டு ஒட்டி, அலறிய அதே கியரில் அதே வேகத்தில் பாருங்கள். பழைய மல்டிபாயின்ட் எஞ்சின்கள் பலவற்றில் 3 பார் இருக்கும், உங்கள் காருக்கு உரிய எண் சர்வீஸ் புத்தகத்தில். ஐடிலில் சரியாக இருந்து முழு மிதியில் சரிந்தால் ஃபில்டர் அல்லது பம்ப். பம்பைக் குறை சொல்வதற்கு முன் அதன் கனெக்டரிலேயே வோல்ட்டைப் பாருங்கள். பேட்டரியில் 13.8 இருக்க, பம்பில் 11.5 வந்தால் ரிலேயோ துருப்பிடித்த கிரவுண்டோ 2.3 வோல்ட்டைத் தின்கிறது. நல்ல பம்பைக் கழற்றிப் புதுசு போட்ட பின்னும் அலாரம் நிற்காத கதைகளில் பாதி இதுதான்.

பிரஷர் அசையாமல் நின்றும் லீன் என்றால் இன்ஜெக்டர் அடைப்பு, அழுக்கான மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார், டியூன் செய்த காரில் இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரம் 85 சதவீதத்தைத் தாண்டுவது ஆகியவற்றைப் பாருங்கள். வேக்குவம் லீக்கை இதில் தேடாதீர்கள். அது ஐடிலில்தான் கூத்தாடும், முழு மிதியில் மேனிஃபோல்டில் வேக்குவமே இருக்காது.

எல்பிஜி, சிஎன்ஜி மாற்றிய காருக்கு ஆகுமா?

ஆகும், எல்லையோடு. விகிதம் மாறினாலும் சென்சார் லாம்டா 1-இல்தான் தாவும். ஆனால் பல கேஸ் கிட்டுகள் முழு பாரத்திலும் ரிச் ஆக்காமல் லாம்டா 1-ஐ ஒட்டியே ஓட்டும், 0.60-இல் வைத்தால் ஓயாமல் அலறும். 0.25 வோல்ட்டில் வைத்து, தாமதத்துக்கு 10 மைக்ரோஃபாரட் போட்டால் ரெட்யூசர் (கேஸின் அழுத்தத்தைக் குறைக்கும் பாகம்) உறைந்து கேஸ் வராமல் போவது, கேஸ் ஃபில்டர் அடைப்பது போன்றவற்றைப் பிடிக்கும். கேஸ் உள்ளே ஆவியாகிக் குளிர்விப்பதில்லை. லீனாக இழுத்தால் முதலில் தேய்வது எக்ஸாஸ்ட் வால்வு சீட், அதற்கு நாக்கிங் சத்தம்கூட வராது.

கார்பரேட்டர் காருக்கு?

சைலன்சர் பைப்பில் பங்க் வெல்டு செய்து, ஹீட்டர் உள்ள நான்கு வயர் சென்சார் போட வேண்டும். ஹீட்டருக்கு இக்னிஷனிலிருந்து ரிலே வழியாகத் தனிப் பவர். த்ராட்டில் சென்சார் இருக்காது, முக்கால் திறப்பில் அழுந்தும்படி லிங்கேஜில் ஒரு மைக்ரோசுவிட்ச் வைத்து பஸ்ஸர் வயரில் தொடராக இணையுங்கள். எஞ்சின் எண்ணெய் எரித்தால் சென்சார் சீக்கிரம் சாகும்.

ஆர்டுயினோவில் செய்யலாமே?

செய்யலாம். பதிவு, டிஸ்ப்ளே எல்லாம் கிடைக்கும். காரின் மின்சார இரைச்சலில் அது தொங்கினால் யார் எச்சரிப்பது என்ற கேள்விக்கு வாட்ச்டாக் டைமர் (தொங்கினால் தானாக மறுபடி தொடங்கவைப்பது) போட்டுப் பதில் எழுதத் தெரிந்தவர்கள் தாராளமாகச் செய்யலாம்.

டீசலுக்கு?

பொருந்தாது. டீசல் எஞ்சின் எப்போதும் மிஞ்சிய காற்றில்தான் ஓடுகிறது. அங்கே கண்காணிக்க வேண்டியது எக்ஸாஸ்ட் வெப்பம்.